தாமரைக்கு ஒரு பழைய லேப்டாப்

ஆண்டர்சன்பேட்டை,
கோலார் தங்கவயல்.

என் தாமரைக் கண்ணுவுக்கு,

தாத்தா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கப்பா மாரிக்குப்பத்தில் ரயிலேறி கே.ஆர். புரத்தில் இறங்கும்போது தோளில் ஒரு கறுப்புப் பை இருக்கும். அது உனக்குத்தான். ஆனால் ஜிப்பில் கை வைக்கும் முன் இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துவிட வேண்டும். "நீளமா இருக்கும்மா, நீயே படிச்சுச் சொல்லு" என்று உங்கம்மா மடியில் போட்டுவிட்டு ஓடுகிற வேலையெல்லாம் கூடாது. எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை. போன லீவில் 'வாழைப்பழம்' எழுதச் சொன்னதற்கு இரண்டு இடத்திலும் ளகரத்தைப் போட்டுவிட்டு, "சாப்பிட்டா ரெண்டும் ஒண்ணுதானே தாத்தா" என்று கேட்டவள் நீ. அந்த வாய்க்காகவே இதைத் தமிழில் எழுதுகிறேன்.

பைக்குள் இருப்பது புதுசு இல்லை. உன்கூடப் படிக்கிற பிள்ளைகள் வைத்திருப்பதுபோல் மெலிசாகவும் இருக்காது. 2012இல் வெளிவந்த திங்க்பேட் டி430. நீ பிறப்பதற்கு முன்பே பெங்களூரில் ஏதோ ஓர் ஆபீசில் யாரோ ஒருவர் இதில் கணக்கு எழுதிக்கொண்டிருந்திருப்பார். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 இத்தனை வயசான சிப்பைச் சேர்த்துக்கொள்வதில்லை. அதனால் நல்ல உடம்பும் நல்ல திரையும் உள்ள இயந்திரங்கள் மூட்டை மூட்டையாகப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு வந்து குவிகின்றன. அந்தக் குவியலில் நான் தேடிப் போனது இந்த மாடலைத்தான். ஏன் தெரியுமா? திருப்புளி ஒன்று இருந்தால் இதை நாமே திறக்கலாம். தாழ்ப்பாளை நகர்த்தினால் பேட்டரி கையோடு வந்துவிடும். அடிமூடியைக் கழற்றினால் மெமரி கண்ணுக்குத் தெரியும். விசைப்பலகையில் தண்ணீர் கொட்டினால் வடிந்து போக அடியில் ஓட்டைகூட வைத்திருக்கிறார்கள். அதற்காக அதன்மேல் தட்டை வைத்துக்கொண்டு ரசம் சாதம் சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை, தாமரை.

கடையில் நான் முதலில் பார்த்தது திரையையோ பேட்டரியையோ இல்லை. எஃப்1 அழுத்தி, பயாஸ் என்கிற அடித்தள அமைப்புக்குள் போக முடிகிறதா என்றுதான் பார்த்தேன். முன்பு வைத்திருந்தவர்கள் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் போட்டுவிட்டு, எடுக்காமல் விற்றிருந்தால், திங்க்பேடில் அது மதர்போர்டில் உள்ள சின்ன பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. விலை குறைவாயிற்றே என்று அப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தால், வீடு நம்முடையதாகவும் வாசல் சாவி வேறொருவரிடமும் இருக்கும். பெரியவளாகி நீயும் பழசு வாங்கப் போனால் இதை முதலில் பார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அக்கக்காகக் கழற்றினேன். ஃபேனில் தூசியை எடுத்து, சிப்புக்கு மேல் காய்ந்துபோயிருந்த பசையைத் துடைத்துப் புதுசு வைத்தேன். சுழலுகிற பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டேன். இந்த ஒரு மாற்றம் போதும், பழைய லேப்டாப் துள்ளிக்கொண்டு எழுந்திருக்கும். மெமரியை 8 ஜிபி ஆக்கினேன். உள்ளே ஓடுவது லினக்ஸ் மின்ட் 22. அதற்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். லினக்ஸ் என்றதும் முகத்தைச் சுளிக்காதே. 1991இல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற 21 வயசு மாணவர் தொடங்கி வைத்தது. கேரளத்து அரசுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் இதில்தான் கணினி படிக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு 2011இல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதே, குடியாத்தத்து அத்தை மகளுக்குக்கூட ஒன்று கிடைத்ததே, அதிலும் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே சி-டாக் உருவாக்கிய பாஸ் என்கிற லினக்ஸ் இருந்தது. அவள் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். நீ பார்ப்பாய் என்று நம்புகிறேன்.

இனி முக்கியமான சங்கதி. இந்த லேப்டாப்பில் பூட்டுகள் இருக்கின்றன. எங்கெங்கே, எதற்காக என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிடப் போகிறேன். உனக்குத் தெரியாத பூட்டு ஒன்றுகூட இதில் கிடையாது.

பூட்டைப் பற்றித் தங்கவயல்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உன் கொள்ளுத்தாத்தா பாறைக்கு அடியில் வேலை முடித்து மேலே வந்தால் நேரே வீட்டுக்கு வந்துவிட முடியாது. உடம்பைத் தடவிச் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். தங்கம் எடுக்கிற இடத்தில் சோதனை இல்லாமல் இருக்குமா என்று ஊரில் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். என் அப்பா அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் நாங்கள் விளையாட்டுக்குக்கூட அவர் சட்டைப் பையில் கை விட்டால் பொறுக்க மாட்டார். மிட்டாய் வாங்கி வந்திருந்தாலும் அவரே எடுத்துக் கொடுப்பாரே தவிர, எங்களை எடுக்க விட மாட்டார். அது ஏன் என்று எனக்குப் புரியவே வெகு காலம் ஆயிற்று.

லேப்டாப்பைத் திறந்ததும் வலது கை வைக்கிற இடத்தில் ஒரு சின்னப் பட்டை தெரியும். விரல் ரேகை வாங்குகிற கருவி. அதை பயாஸிலேயே அணைத்துவிட்டேன். உன் சிநேகிதிகள், "விரலை வச்சா திறக்குமே, ஏன் வேலை செய்யல?" என்று கேட்டால் சொல்லு: 1930இல் தொழிலாளிகள் கைரேகை பதிய வேண்டும் என்று வந்தபோது, தங்கவயல் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே நின்றார்கள். அன்றாடக் கூலியில் சாப்பிட்டவர்கள். ஒருநாள் வேலை போனாலும் உலையில் அரிசி இருக்காது. அப்படியும் நின்றார்கள். பாஸ்வேர்ட் வெளியே தெரிந்துவிட்டால் வேறு வைத்துக்கொள்ளலாம். ரேகையை மாற்ற முடியாது. 11 வயசுப் பிள்ளை தன் விரலை ஓர் இயந்திரத்திடம் கொடுப்பதற்கு இப்போது ஓர் அவசரமும் இல்லை.

சோதனைப் பூட்டு ஒரு வகை. எனக்குத் தெரிந்த இன்னொரு வகை உண்டு. நீ இப்போது பெங்களூர்க்காரி என்று பீற்றிக்கொள்கிறாய் அல்லவா? அந்த ஊருக்கு மின்விளக்கு வந்தது 1905இல். சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து நம் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தது 1902லேயே. அந்த மின்சாரத்தோடுதான் நான் 2001இல் சுரங்கம் மூடுகிற வரைக்கும் வேலை பார்த்தேன். ஒரு மோட்டாரில் கை வைக்கும் முன் சுவிட்சை அணைத்தால் போதாது. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். "லைன் கிளியர் வாங்கியாச்சு" என்று வாயால் சொன்னால் என் மேஸ்திரி ஒப்புக்கொள்ள மாட்டார். "கட்டையைக் காட்டு" என்பார். அது என் பையில் இருக்கிற வரைக்கும் வேறு யாராலும் அந்த லைனுக்கு உயிர் கொடுக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் கை உள்ளே போகும். வேலை முடிந்ததும் நானே கட்டையைத் திரும்பப் போடுவேன். உன் லேப்டாப்பில் இருக்கிற பூட்டெல்லாம் இந்த வகை.

முதல் கட்டையை உன் கையிலேயே கொடுக்கிறேன். லேப்டாப்பின் பக்கவாட்டு ஓரத்தைத் தடவிப் பார். ஒரு சின்ன சுவிட்ச் தட்டுப்படும். அதை நகர்த்தினால் வைஃபை அறுந்துவிடும். திரையில் எதையும் தேடி அழுத்த வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம். பயமாக ஏதாவது வந்தாலோ, யாரோ தெரியாதவர் பேச்சுக் கொடுத்தாலோ, சும்மா எரிச்சலாக இருந்தாலோகூட விரலால் ஒரு தள்ளு. இப்போது வருகிற புது லேப்டாப்புகளில் இந்த மாதிரி சுவிட்சைப் பார்ப்பதே அபூர்வம். இந்த மாடலை நான் தேடிப் பிடித்ததற்கு இதுதான் பெரிய காரணம்.

மற்ற பூட்டுகளைச் சொல்கிறேன். உன் பெயரில் இருப்பது சாதாரணக் கணக்கு. எழுதலாம், வரையலாம், விளையாடலாம், சேமிக்கலாம். புதிதாக மென்பொருள் ஏற்றவோ அமைப்பை மாற்றவோ நிர்வாகியின் பாஸ்வேர்ட் கேட்கும். அது இப்போதைக்கு என்னிடம். பென் டிரைவைச் செருகி வேறு இயங்குதளத்தைக் கிளப்ப முடியாதபடி பயாஸிலும் பூட்டியிருக்கிறேன். பிறகு, தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண்ணைத் தேடித் தருகிற சேவை ஒன்று இணையத்தில் உண்டு. அதற்கு கிளவுட்ஃபிளேர் 2020இல் குடும்பங்களுக்கென்று தொடங்கிய 1.1.1.3ஐ வைத்திருக்கிறேன். வைரஸ் பரப்புகிற தளங்களுக்கும், பெரியவர்களுக்கான ஆபாசத் தளங்களுக்கும் அது வழி சொல்லாது. இதை வீட்டு ரவுட்டரில் எழுதாமல் லேப்டாப்புக்குள்ளேயே எழுதியதால், அம்மா போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தாலும் இதே காவல்தான். ஃபயர்ஃபாக்ஸில் விளம்பரத் தடுப்பான் ஒன்று கழற்ற முடியாதபடி இருக்கும். பள்ளிக்கூட நாளில் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், ராத்திரி எட்டரைக்கு மேல் கிடையாது. நேரம் முடிவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே சொல்லிவிடும். "ஒரே நிமிஷம் தாத்தா" என்று அதனிடம் கெஞ்சிப் பயனில்லை. என்னிடமாவது பலிக்கும்.

இந்த வடிகட்டி எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நான் நம்பவில்லை. நீயும் நம்பாதே. ஏதாவது ஒன்று என்றைக்காவது கண்ணில் பட்டுவிடும். அதனால் அடுத்து எழுதப்போவதை மட்டும் இரண்டு தடவை படி.

உங்கப்பா போன வாரம் போன் செய்து, "அவ என்ன பார்க்கறா, யார்கிட்ட பேசறா, எல்லாம் நம்ம போன்ல தெரியற மாதிரி ஒண்ணு போட்டுடுங்கப்பா" என்று கேட்டான். விடிவதற்கு முன்னே வேலைக்குப் போய் ராத்திரி வருகிறவன். பயத்தில் கேட்கிறான். அந்தப் பயம் அன்புதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ தட்டுகிற எழுத்தைத் திருடிப் படிக்கிற எதுவும் இந்த லேப்டாப்பில் இல்லை. 2023இல் நம் நாட்டில் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயசு நிறையாத எல்லோரையும் குழந்தை என்கிறது. குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்காதே, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டாதே என்று கம்பெனிகளுக்குச் சொல்கிறது. ஊரான் செய்யக்கூடாததை உன் சொந்தத் தாத்தா செய்யலாமா? சட்டைப் பையில் கை விடப் பொறுக்காத மனுஷரின் கொள்ளுப்பேத்திக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். வேவு பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளை நல்ல பிள்ளையாக ஆவதில்லை. சிநேகிதியின் போனில் போய்ப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அதற்குப் பதிலாக உங்கப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஒரு வாக்குக் கொடுக்கிறோம். திரையில் அசிங்கமாக எதையாவது பார்த்துவிட்டாலும், யாராவது உன் போட்டோவைக் கேட்டாலும், நீயே அவசரப்பட்டு எதையாவது அழுத்திவிட்டாலும், வந்து சொல்லு. சொன்னதற்காக லேப்டாப்பைப் பிடுங்க மாட்டோம். நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்தில் ராபர்ட்சன்பேட்டையிலிருந்தும் உரிகத்திலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். "அப்பாவுக்குத் தெரியாம சரி பண்ணிக் குடுங்கண்ணா" என்பார்கள். நடந்ததைவிட, தெரிந்தால் பிடுங்கிவிடுவார்களே என்கிற பயம்தான் அந்த முகங்களில் பெரிதாக இருக்கும். அந்தப் பயத்தை நம்பித்தான் மிரட்டுகிறவன் பிழைக்கிறான். "வீட்டில் சொல்லிடுவேன்" என்று எவனாவது எழுதினால், "நானே சொல்லியாச்சு" என்று பதில் போடுகிற நிலைமையில் நீ இருக்க வேண்டும். இணையத்தில் காசு ஏமாற்றினாலோ மிரட்டினாலோ பெரியவர்கள் கூப்பிட வேண்டிய அரசாங்க எண் 1930. தங்கவயல் பிள்ளைக்கு இந்த எண் மறக்கவே மறக்காது. குழந்தைகளே கூப்பிடக்கூடியது 1098. இரண்டையும் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

அடேயப்பா, பூட்டைப் பற்றியே பேசி உன்னைப் பயமுறுத்திவிட்டேனோ? உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், வா.

நீ லேப்டாப் கேட்டது ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு என்று உங்கம்மாவை நம்ப வைத்திருக்கிறாய். என்னிடம் அது நடக்காது. விளையாட்டு வைத்திருக்கிறேன். மைன்டெஸ்ட் என்று இருந்து 2024இல் லுவாண்டி என்று பெயர் மாறியது. கட்டை கட்டையாகத் தோண்டி, கட்டுகிற விளையாட்டு. அதில் தரைக்குக் கீழே ஏறக்குறைய 31,000 கட்டம் தோண்டலாம், ஒரு கட்டம் ஒரு மீட்டர் என்று கணக்கு. நிஜத்தில் நம் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். மேலேயிருந்து குளிர்ந்த காற்றை அனுப்பாவிட்டால் மனுஷர் நிற்க முடியாது. பாறை தன் கனம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும், 'ஏர் பிளாஸ்ட்' என்போம். அந்தச் சத்தம் கேட்டால் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாத்திரம் அதிரும், பெண்கள் எல்லாம் ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்கள். நீ லுவாண்டியில் தோண்டும்போது சும்மா ஓட்டை போட்டுக்கொண்டே போகாதே. ஆள் ஏறி வர ஒரு வழி, காற்று போக ஒரு வழி என்று வைத்துத் தோண்டு. லீவுக்கு வரும்போது உன் சுரங்கத்தைத் தாத்தா பார்த்து மார்க் போடுவேன். உன் கொள்ளுத்தாத்தா இருந்திருந்தால் என்னைவிடக் கண்டிப்பாகப் போட்டிருப்பார்.

கிவிக்ஸ் என்று ஒன்று இருக்கும். தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் அதற்குள் இருக்கிறது, இணையமே வேண்டாம். வைஃபை சுவிட்சைத் தள்ளிவிட்டு, உனக்குத் தோன்றிய ஊரின் பெயரைத் தட்டிப் பார். அங்கிருந்து ஆறு, ஆற்றிலிருந்து மீன், மீனிலிருந்து கடல் என்று போய்க்கொண்டே இருக்கலாம். யாரும் நடுவில் விளம்பரத்தை நீட்ட மாட்டார்கள்.

பைத்தான் என்கிற நிரல்மொழியும் இருக்கிறது. அதில் ஆமை என்று ஒரு பகுதி உண்டு. முன்னால் நூறு அடி போ, வலப்பக்கம் திரும்பு என்று நீ சொன்னால் திரையில் கோடு போட்டுக்கொண்டே போகும். 1960களின் கடைசியில் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் பிள்ளைகளுக்காக உண்டாக்கிய லோகோ மொழியிலிருந்து வந்த ஆமை அது. கணினி பிள்ளையை ஆட்டி வைக்கக் கூடாது, பிள்ளைதான் கணினிக்கு வேலை சொல்ல வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனுஷர். அவருடைய யோசனைகளை மனதில் வைத்து, 2007 வாக்கில் ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு பச்சை நிற லேப்டாப் செய்தார்கள். மகாராஷ்டிரத்தில் கைராட் என்கிற சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் அது வந்தது. அந்த விசைப்பலகையில் தனியாக ஒரு விசை உண்டு. அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கிற நிரல் உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டும். நினைத்துப் பார், குழந்தைக்கான இயந்திரத்தில், 'உள்ளே எட்டிப் பார்' என்று ஒரு விசை! உன் லேப்டாப்பில் அந்த விசை இல்லை. ஆனால் உள்ளே இருக்கிற மென்பொருளில் ஏறக்குறைய எல்லாவற்றின் நிரலையும் எவரும் எடுத்துப் படிக்கலாம், அதற்குப் பூட்டுக் கிடையாது. நான் பூட்டியது வாசலைத்தான், பாடத்தை அல்ல.

விசைப்பலகையில் மூன்று மொழி வைத்திருக்கிறேன். ஆங்கிலமும் கன்னடமும் உன் பள்ளிக்கூடத்துக்கு. தமிழுக்குத் தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டில் முடிவான அமைப்பு. உயிரெழுத்துகள் இடது கையிலும் மெய்கள் வலது கையிலும் வரும். ககரத்தை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கிற வேலையைப் பழகிவிட்டால் பிறகு கை திரும்பாது. அதனால் அதை நான் வைக்கவில்லை. தினம் பத்து நிமிஷம் தட்டினால் ஒரு மாசத்தில் கண் கீழே பார்க்காது.

இது ஏதோ தாத்தாவின் தமிழ்ப் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்ளாதே. நாம் எழுதுகிற ஊர், தாமரை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையிலிருந்து தொடங்கிய 'தமிழன்' பத்திரிகையைத் தங்கவயல் லைன்களில் கூடி உட்கார்ந்து படித்தார்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். அவர் மறைந்த பிறகு 1926இல் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்தே அந்தப் பத்திரிகையை மறுபடி நடத்தினார். பண்டிதருடைய புத்தகங்களைச் சாம்பியன் ரீஃப் சித்தார்த்தா புத்தகசாலை அச்சுப் போட்டு வெளியிட்டது. அதற்கு ஆன காசு, பகலில் பாறை உடைத்தவர்கள் கொடுத்தது. அச்சு இயந்திரம், ஈய எழுத்து, காகிதம் எல்லாவற்றையும் அவர்கள் தேடித் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. உனக்கு இந்தப் பெட்டி ஒன்று போதும். ஆகவே பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் என்றால், அதில் பாதியாவது செய்வதற்கு இருக்கட்டும். கதை எழுது, படம் போடு, ஆமையை ஓட்டு.

சின்னச் சின்னப் பழக்கங்கள் சில. இவற்றில்தான் நான் கொஞ்சம் நச்சரிப்பேன்.

சார்ஜரைப் பிடுங்கும்போது தலையைப் பிடித்துப் பிடுங்கு, ஒயரைப் பிடித்து இழுக்காதே. நான் பார்த்த சார்ஜர்களில் முக்கால்வாசி செத்தது கழுத்தில்தான். மெத்தை மேலும் மடியில் தலையணை மேலும் வைக்காதே, அடியில் மூச்சு விடுகிற வழி அடைபடும். உட்கார்வது ஹாலில்; கதவைச் சாத்திக்கொண்டு அல்ல. கேமராவுக்கு மேல் ஒட்டியிருக்கிற கறுப்பு டேப்பை, பாட்டியோடு பேசும்போது மட்டும் எடு. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது 'புதுசு', 'புதுசு2', 'கடைசி', 'நிஜமான கடைசி' என்று வைக்காதே. தேதியும் விஷயமும் வை. பள்ளிக்கூடம் முடிந்து, காலேஜ் முடிந்து, வேலைக்குப் போனாலும் இந்த ஒரு பழக்கம் உனக்கு உழைக்கும். ஞாயிறுதோறும் உன் கோப்புறையைச் சிவப்பு பென் டிரைவில் நகல் எடுத்து, அதை லேப்டாப் பையில் வைக்காமல் அம்மாவின் பீரோவில் வை. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தொலையும்.

எல்லாவற்றையும்விட இது: திரையில் ஒரு பெட்டி வந்து ஏதோ எழுதியிருந்தால், படிக்காமல் ஓகே அழுத்தாதே. பெரிய படிப்புப் படித்தவர்களே அழுத்திவிட்டுத்தான் என்ன எழுதியிருந்தது என்று கேட்கிறார்கள். புரியாவிட்டால் ஒரு நோட்டில் அப்படியே எழுதி வை, போனில் எனக்குப் படித்துக் காட்டு. எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் கூப்பிடு. பாஸ்வேர்டைப் பற்றி உனக்குச் சொல்லவே பயமாக இருக்கிறது, உன் பெயரும் பிறந்த தேதியும்தான் வைப்பாய் என்று தெரியும். சம்பந்தமே இல்லாத நாலு தமிழ்ச் சொற்களைச் சேர்த்து ஒன்று வை. உயிர்ச் சிநேகிதிக்கும் சொல்லாதே. கேட்டால், "எங்க தாத்தா திட்டுவார்" என்று என் மேல் போட்டுவிடு.

கடைசியாக, சாவி. ஒரு காக்கி உறையில் நிர்வாகி பாஸ்வேர்டும் பயாஸ் பாஸ்வேர்டும் எழுதி ஒட்டி உங்கம்மாவுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உறையின் மேல் என்ன எழுதியிருக்கிறேன் என்று உனக்கும் சொல்கிறேன். பதின்மூன்று முடிந்ததும் நேரக் கணக்கை எடுத்துவிட வேண்டும். அப்போது உன் நேரத்தை நீயே பார்த்துக்கொள்வாய். பதினைந்தில் மென்பொருள் ஏற்றவும் நீக்கவும் உனக்கு அனுமதி. பதினாறில் வடிகட்டி வேண்டுமா வேண்டாமா என்று உங்கப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசி முடிவு செய். பதினெட்டில் உறையே உன்னுடையது. நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான் கணக்கு. இந்த லேப்டாப் அதுவரை உழைக்காமல் போனாலும் அடுத்ததற்கும் இதே கணக்கு. நடுவில், இந்தப் பூட்டு அநியாயம் என்று ஏதாவது ஒன்றைப் பற்றித் தோன்றினால், எனக்கு எழுது. காரணத்தோடு எழுதினால், பிறந்தநாளுக்குக் காத்திருக்காமல் திறப்பேன். "அவ வீட்ல எல்லாம் விடறாங்க" என்பது காரணம் இல்லை.

ஏப்ரல் லீவுக்கு வரும்போது லேப்டாப்பை மறக்காமல் கொண்டு வா. காற்றுக் காலம் தொடங்கினால், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசி பட்டும் படாமலும் எல்லா வீட்டுக்குள்ளும் வரும், ஃபேனுக்குள் நிச்சயம் வரும். அதைத் திறந்து துடைக்க உனக்குக் கற்றுத் தருகிறேன். ஒவ்வொரு திருகாணியும் எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று காகிதத்தில் படம் போட்டு அதன்மேலேயே வைக்க வேண்டும், அது உன் வேலை. திருப்புளி என்னிடம் இருக்கிறது. பழைய பல் பிரஷ் ஒன்று உங்கம்மாவிடம் கேட்டு எடுத்து வா.

அன்புடன்,
தாத்தா